நாலாம் மாடி மதாம் ‘சும்மா’தானாம்

பிரெஞ்சு பேசும் லாசாலில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் பதினாறு வருடமாக எனக்கு வேலை. பதவி பெரியது: சூப் தள்ளுவது. சில்லு வைத்த வண்டியில் சூப்பை ஏற்றி மாடி மாடியாகக் கொண்டுபோய்க் கொடுப்பேன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. நான் அதை அதற்கு முதலே கைவிட்டுவிட்டேன். பிரெஞ்சை பஸ்ஸிலும் மூலைக்கடையிலும் பொறுக்கிச் சேர்த்தேன். அதனால் மற்றவர்கள் சொன்னதையெல்லாம் இங்கே தமிழில்தான் எழுதுகிறேன். என் பிரெஞ்சை அப்படியே எழுதினால் இந்த ஊர்க்காரர் என்மேல் வழக்குப் போடுவார்கள்.

ஆனால் ‘ஜூஸ்ட்’ என்ற சொல் எனக்கு நன்றாகத் தெரியும். கடையில் வேறென்ன வேண்டும் என்று கேட்டால் “ஜூஸ்ட் பால்” என்பேன். பால் மட்டும், வேறொன்றுமில்லை, சும்மா.

போன வருடம் பனி கரைந்து தெருவெல்லாம் சேறாகக் கிடந்த ஒரு நாள், இல்லத்து மேலாளர் சமையலறைக்குள் ஓடிவந்து மூச்சு விடாமல் ஏதோ சொன்னார். நாலாம் மாடியில் தனியாக இருக்கும் தொண்ணூற்றேழு வயதுப் பெல்ஜியக்காரி ‘ஒரு ஜூஸ்ட்’ என்றும், நாளைக்கு அவருக்கு விழா என்றும், கேக் வேண்டும் என்றும் விளங்கியது.

சமையல்கார அக்காவிடம் செய்தியைச் சொன்னேன்.

“அக்கா, நாலாம் மாடி மதாம் சும்மாதானாம். அதுக்கு விழா வைக்கினமாம்.”

“விசரா, சும்மா இருக்கிறதுக்கு விழா வைக்கிறதெண்டால் உனக்கெல்லோ ஒவ்வொரு நாளும் வைக்க வேணும்!”

மறுநாள் கீழ் மண்டபம் நிறைந்துவிட்டது. பெல்ஜியத்திலிருந்து எண்பத்தெட்டு வயதில் ஒரு அம்மா விமானமேறி வந்து முன்வரிசையில் இருந்தார். விழா நாயகியைத்தான் காணவில்லை. மேலாளர் இரண்டு தரம் மேலே போய்த் தனியாகவே திரும்பி வந்தார்.

“நீ போடா தம்பி. உன்ர பகிடிக்கு அவ சிரிக்கிறவ. கெதியாக் கூட்டிக்கொண்டு வா” என்று அக்கா என்னைத் தள்ளிவிட்டார்.

மதாம் நீல உடுப்பும் சப்பாத்தும் போட்டுக் கைப்பையை மடியில் வைத்தபடி கட்டிலில் இருந்தார்.

“வாழ்த்துகள் மதாம்! நீங்கள் ஜூஸ்டாம்! வேறொண்டுமில்லை, சும்மாவாம்!” என்றேன்.

முதலில் விழித்துப் பார்த்தார். பிறகு கட்டுப்பல் கழன்று விழுமளவுக்குச் சிரித்தார். என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, ‘சூப்’ என்பார்.

“அது வேற ஜூஸ்ட், சூப். நீதியான ஆள் எண்டு அர்த்தம். ஹிட்லரின்ர காலத்திலே யூத ஆக்களை ஒளிச்சு வைச்சுக் காப்பாத்தினவைக்குக் குடுக்கிற பட்டம்.” சிரிப்பு நின்றது. “ஆனால் நீ சொன்னதுதான் சரி. நான் சும்மா.”

அப்போதுதான் எனக்குக் கதை தெரிய வந்தது. அவருக்குப் பதினாறு வயது. தாய் இல்லை. தகப்பனை ஜெர்மன்காரர் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். பண்ணையில் அவரும் நாலு பசுக்களும் மட்டும். அயலூர்ப் பாதிரியார் இரண்டு யூதச் சிறுமிகளைக் கொண்டுவந்து விட்டார், அக்காவும் தங்கையும். மாட்டுக்கொட்டிலின் மேல்தட்டில் வைக்கோலுக்குள் இரண்டு வருடம் ஒளித்து வைத்திருந்தார். பிடிபட்டால் மூன்று பேருக்கும் முடிவு.

“சட்டையளைத் தோய்ச்சா எங்கை காயப்போட்டனீங்கள்?” என்று கேட்டேன். கொடியில் சின்னச் சட்டை தொங்கினால் அயலட்டை கண்டுபிடித்துவிடுமே.

“பசுவின்ர முதுகிலே. சூடுதானே, கெதியாக் காயும்.”

“சாப்பாடு?”

“எனக்குச் சரியான பசி, சரியான பசி எண்டு ஊரெல்லாம் சொல்லி வாங்கினன். தின்னிப் பண்டி எண்டு பட்டம் வைச்சவை. கலியாணம் பேசவும் ஒருத்தரும் வரேல்லை.” அந்தப் பட்டத்தைப் பெருமையாகத்தான் சொன்னார். ஒரு கோப்பை சூப்பைக்கூட முடிக்காத மனுசி.

நான் வாய் பிளந்து நின்றேன். பதினாறு வயதில் என்னுடைய வீரம் மாங்காய் களவெடுத்தது, அதிலும் பிடிபட்டேன்.

“பிறகேன் மதாம் கீழே வரமாட்டன் எண்டுறியள்?”

கைப்பையின் பூட்டைத் திறந்து திறந்து மூடினார். “ஒரு பின்னேரம் ஒருத்தன் வந்து கதவைத் தட்டினவன். ஜூஸ்ட் ஒரு நாள் ஒளிக்க விடு எண்டு கெஞ்சினவன். மேலே ரெண்டு பிள்ளையள். அவனுக்குப் பின்னாலே ஆர் வாறாங்களோ தெரியாது. நான் திறக்கேல்லை. அடுத்தநாள் ஆத்தங்கரையிலே பிடிபட்டான். பேர்கூடத் தெரியாது. பெல்ஜியத்திலே இருந்து வந்து கீழே இருக்கிற அந்தத் தங்கைக்கு இது தெரியாது. அக்காக்காரி செத்துப் போயிட்டா. என்னிலே அன்பு வைச்சிருக்க இனி அவ ஒருத்திதான் மிச்சம். சொன்னால் அவவும் போயிடுவா. சொல்லாமல் அந்தப் பதக்கத்தை நான் தொடமாட்டன்.”

பகிடி ஒன்று தேடினேன். அகப்படவில்லை. வாயில் வந்தது வேறு.

“ஊரிலே எங்கடை படலையையும் ஒரு பெடியன் தட்டினவன், மதாம். ஆமி துரத்திக்கொண்டு வருது. நான் உள்ளுக்குள்ளே நாயின்ர வாயைப் பொத்திப் பிடிச்சுக்கொண்டு இருந்தன். அவனை ஆமி கொண்டுபோட்டுது.”

“உள்ளே வேற ஆர் இருந்தவை?”

“நானும் நாயும்தான். நாயாவது குலைக்கப் பாத்தது.”

அவர் என்னைத் தேற்றவில்லை, திட்டவும் இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

மண்டபத்தில் எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். கதிரையைக் காட்டினார்கள்; இருக்க மறுத்துவிட்டார். பதக்கப் பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டு, அந்தத் தங்கையைப் பார்த்தபடியே எனக்குச் சொன்னதை அப்படியே சொன்னார். ஜெர்மன்காரரை ஏமாற்றிய துணிவு ஒன்று. தன்னைக் கும்பிட வந்த சபைக்கு முன்னால் இதைச் சொல்லுகிற துணிவு அதைவிடப் பெரிதாக எனக்குத் தெரிந்தது.

தங்கை தடியை ஊன்றிக் கிட்ட வந்தார்.

“எனக்குத் தெரியும். அவன் தட்டினது எங்களுக்கும் கேட்டது. திறக்கக்கூடாது, திறக்கக்கூடாது எண்டு என்ர அக்கா என்ர காதுக்குள்ளே மன்றாடினவ. நீங்கள் திறக்காமல் விட்டதும் நாங்கள் ரெண்டு பேரும் சந்தோசப்பட்டனாங்கள். அதை உங்களுக்குச் சொல்ல இவ்வளவு காலமும் எனக்குப் பயம்.”

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கைதட்ட ஒருவருக்கும் கை வரவில்லை. சமையல்கார அக்கா ஏப்ரனால் முகத்தைத் துடைத்தார்.

விழா முடிந்து மதாமை லிஃப்டில் மேலே கூட்டிக்கொண்டு போனேன்.

“உன்ர படலையைத் தட்டின பெடியன்ர பேர் தெரியுமோ?” என்றார்.

“தெரியும். அடுத்த ஒழுங்கையிலே இருந்தவன்.” பெயரைச் சொன்னேன். முப்பத்தெட்டு வருடத்தில் முதல் தரம்.

“தாய் இருக்கிறாவோ?”

“இருக்கிறா. அவன் எங்கை போனான் எண்டு இன்னும் தேடுறா.”



ஞாயிற்றுக்கிழமை, ஊரில் ஒருவரைப் பிடித்து அந்தத் தாயின் தொலைபேசி எண்ணை எடுத்தேன். மனைவி கதிரையை இழுத்துப் போட்டார். வேண்டாம் என்றேன். அந்தப் பக்கத்தில் “ஆர் கதைக்கிறது?” என்று கேட்டபோது, நின்றபடியே என் பெயரைச் சொன்னேன்.