கைப்பிடிக்குக் கீழே ஒரு கட்டைவிரல்

வெஸ்டர்வால்ட் வட்டாரத்துக் குயவர்கள் உடைசலைக் குப்பையில் கொட்டமாட்டார்கள். சூளையில் வெடித்தது, கோணியது எல்லாம் கொல்லைப்புற மேட்டுக்குத்தான் போகும். நானூறு வருஷப் பழக்கம். ஆல்வினும் முப்பது வயதில் அப்படித்தான் ஒன்றை எறிந்தார். அதுதான் வினையாய் வந்தது.

எழுபத்திரண்டு வயதில், அந்த மேட்டை அகழாய்வுக்காரர்கள் தோண்டியபோது மண் சலிக்க ஒத்தாசைக்குப் போனார். பழைய ஓடுகளுக்கு நடுவே சாம்பல்நிறக் கூஜா ஒன்று முழுசாக வந்தது. நீலப்பூ, வயிற்றில் தாடிக்காரன் முகம், அடியில் மட்டும் விரிசல். கைப்பிடியின் கீழ்நுனியில் கட்டைவிரல் பதிந்த தடம். குறுக்கே ஒரு தழும்பு. ஆல்வின் தன் விரலைப் பார்த்தார். அதே தழும்பு. முகம்தான் தாத்தாவின் பழைய அச்சில் எடுத்தது, கூஜா இவர் செய்தது.

ஆய்வை நடத்திய ரூத், இந்தக் கைவாகு இன்றைக்கு யாருக்கு வரும் என்று வியந்தாள். "பழசுதானே? நீங்க சொன்னா சரி" என்றாள்.

அப்பன் கை உனக்கு வராது என்று கேட்டுக் கேட்டே வயதான மனுஷன். ஒரு நிமிஷம் இனிக்கட்டுமே என்று சபலம்.

"பழசுதான்" என்றார். கிறுக்குப் புத்தி!

கூஜா மியூசியத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஏறியது. ரூத் அதைப் பற்றிக் கட்டுரை எழுதி, இவருக்கு நன்றியும் போட்டாள். பீர்க்கடையில் கூட்டாளிகள், அந்தக் காலத்துக்காரனைப் பார்த்துக் கத்துக்கடா என்று இவரையே கிண்டலடித்தார்கள். கூனிக் குறுகிப் போனார்.

கண்காட்சித் திறப்பு விழாவுக்கு முதல்நாள் மியூசியத்துக்குப் போய்க் கட்டைவிரலை நீட்டினார்.

"டாக்டரம்மா, அது நான் பண்ணுனது. தெரிஞ்சேதான் பொய் சொன்னேன்."

ரூத் விரலையும் தடத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"கட்டுரை அச்சாயிடுச்சு. நாளைக்கு எல்லார் முன்னாடியும் நான்தான் சொல்லணும்" என்றாள். பெட்டியைத் திறந்து கூஜாவை அவர் கையில் வைத்தாள். "நல்லா செஞ்சிருக்கீங்க. அதுதான் எனக்கு ஆத்திரமா வருது."

ஆயுசு முழுக்க ஏங்கிய வார்த்தை. காதைப் பொத்திக்கொள்ளலாம் போலிருந்தது.

கூஜாவை அணைத்துக்கொண்டு கடைத்தெரு வழியே நடந்தார். பீர்க்கடை ஜன்னலில் தலைகள் எட்டிப் பார்த்தன. எறிந்து தொலைப்போம் என்று கொல்லைக்குப் போனார். மேட்டைச் சுற்றி இப்போது அகழாய்வுக்காரர்கள் போட்ட கம்பிவேலி. இங்கே எதையும் போடக்கூடாது என்று ஒரு பலகை.

போன மாதம் அதை ஆணியடித்து மாட்டியவர் அவர்தான்.