யாருக்கு வெறும் வயிறு?

என் சித்திக்கு மருத்துவமனையில் ஒலிபெருக்கி என்று பெயர். பச்சிளங்குழந்தைகள் பிரிவில் செவிலியர். அவள் காதோடு ரகசியம் சொன்னால் மாடிப்படி வரை கேட்கும். குழந்தைகள் என்னவோ அந்தக் குரலில்தான் தூங்கும். யாருக்கு, யாரை என்றெல்லாம் சொல்வது அவளுக்கு வீண் வேலை. "சாப்பிட்டாச்சா? குளிச்சாச்சா?" அவ்வளவுதான். "என்னைக் கேக்கிறியா, பூனையைக் கேக்கிறியா?" என்பார் சித்தப்பா.

அந்தப் பழக்கம் ஒருமுறை வினையாகப் பார்த்தது.

பிறந்து மூன்று வாரமான பெண் குழந்தை. காய்ச்சல், மூச்சிரைப்பு, வீங்கிய வயிறு. எந்த மருந்துக்கும் மசியவில்லை. தாய்க்கு இருமல்கூடக் கிடையாது. ஆனால் கர்ப்பத்தில் அடிக்கடி காய்ச்சல் அடித்தது என்று அவள் சொன்னதை மருத்துவர் பிடித்துக்கொண்டார். கருவிலேயே காசநோய் தொற்றியிருக்கலாம். பச்சைக் குழந்தைக்குச் சளியைத் துப்பத் தெரியாது, விழுங்கிவிடும். அதனால் காலையில் பால் கொடுக்கும் முன் மெல்லிய குழாய் விட்டு இரைப்பை நீரைச் சோதனைக்கு எடுக்க வேண்டும். எடுத்த கையோடு மருந்தைத் தொடங்கலாம். இனியும் தள்ளிப்போட்டால் குழந்தை தாங்காது.

சித்தி தாயிடம் போனாள். "காலையில வெறும் வயித்துல இருக்கணும். ஒரு சொட்டு உள்ள போகக் கூடாது. புரிஞ்சுதா?"

"சரிக்கா."

காலையில் குழாயோடு போனால், தாய் சுவரில் சாய்ந்து வாடிக் கிடந்தாள். குழந்தை ஏப்பம் விட்டது.

"பால் குடுத்தியா?"

"பாப்பாவுக்குக் குடுத்தேன். நான் பச்சைத் தண்ணிகூடக் குடிக்கலக்கா!"

அன்றுதான் முதல்முறையாகச் சித்தியின் குரல் எழும்பவில்லை. "நான் சரியாச் சொல்லல, டாக்டர்."

மருத்துவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு, "முதல்ல அம்மாவுக்கு டீ வாங்கிக் குடுங்க. நாளைக்கு வரைக்கும் காத்திருக்க முடியாது, சிஸ்டர். அடுத்த பாலை நிறுத்துங்க, மதியமே எடுத்துடலாம்" என்றார்.

பசியில் சிணுங்கிய குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சித்தி நடந்தாள், வாய் ஓயாமல் பேசிக்கொண்டே. மதியம் நீர் கிடைத்தது. மாலையில் மருந்து உள்ளே போனது. பரிசோதனையில் கிருமி தெரிந்தது; தாயின் கருப்பையிலிருந்து சோதனைக்கு எடுத்த சதைத் துணுக்கிலும் அதே கிருமி.

"பாப்பாவோட மூத்திரம் ஆரஞ்சு நிறமாப் போகும். பாப்பாவோடதுதான். பாப்பாவோட மருந்தால" என்று சித்தி முன்கூட்டியே சொல்லிவைத்தாள்.

"மூணு தடவை சொல்லிட்டீங்கக்கா" என்றாள் தாய்.

காய்ச்சல் இறங்கியது, வயிறு வற்றியது, கன்னம் உப்பியது. வீட்டுக்குப் போகும் நாளில் தாயின் மாத்திரைகளை அவள் கையில் கொடுத்த சித்தி, இரண்டு முறை தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"இதைக் காலையில வெறும் வயித்துல சாப்பிடணும். உன் வயிறு. பாப்பாவோடது இல்ல."

"அது எனக்குப் பழக்கம்தானேக்கா" என்றாள் தாய். மாடிப்படி வரை கேட்டது சித்தியின் சிரிப்பு. குழந்தை அசையாமல் தூங்கியது.