திரையில் நீந்திய மீன்கள்

பத்தாவதோடு நின்றவள் எழுத வந்ததற்கு மன்னியுங்கள். நேற்று எண்ணூர் பஸ்ஸில் போகும்போது, கன்டெய்னர் யார்டில் கிரேன் ஒரு நீலப் பெட்டியைத் தூக்கிக் காலி இடத்தில் வைத்தது. உடனே ராயபுரம் வீட்டில் எங்கள் பழைய கம்ப்யூட்டர் கரகரத்த சத்தம் காதில் கேட்டது.

அக்கா வீட்டிலேயே டைப்பிங் வேலை பார்க்கட்டும் என்று நைனா அதைப் பழசாக வாங்கிவந்தார். ஒரு பக்கம் திறப்பதற்குள் டீ ஆறிவிடும். "இன்னிக்குள்ள சரியாவலன்னா நாளைக்கு வித்தவன்கிட்டயே குடுத்துடுவேன்" என்றார். அக்கா முகம் வாடிப்போனது.

அன்று ஞாயிறு. சிதறிக் கிடக்கும் கோப்புகளை ஒன்றுசேர்க்க அக்கா டிஃப்ராக் போட்டாள். திரை முழுக்கச் சின்னக் கட்டங்கள், ஒவ்வொன்றாக இடம் மாறின. "யாரும் தொடக்கூடாது" என்றாள். யாரும் தொடவில்லை. ஆனால் பத்து சதவீதம் வந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடியது. மூன்று தடவை அப்படியே.

யார்டில் பெட்டி சரிபார்க்கும் நைனா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "மீனு வந்தாதான் மொதல்லேர்ந்து ஓடுது, பாத்தியா?"

கம்ப்யூட்டரைத் தொடாமல் விட்டால் திரையில் மீன்கள் நீந்தும். அவர்தான் ஆசையாகப் போடச் சொன்னவர்.

"அப்போ உன் மீனுதான் வில்லன் நைனா" என்றாள் அக்கா.

"எட்த்துடு. பெட்டி அடுக்கசொல்ல ஊடால லாரி வுட்டா எவன் அடுக்குவான்?"

மீன்கள் போயின. சாயங்காலத்துக்குள் கட்டங்கள் எல்லாம் நீலமாகி வரிசையில் நின்றன. நான் திரைக்குக் கிட்டே போய்ப் பார்த்தேன்.

"ஆளே இல்லாம அடுக்கிகினு கீதே" என்றார் நைனா, மெதுவாக.

மறுநாள் அவர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் கொடுக்காமல் காலை ஷிப்டுக்குப் போனார். அக்கா நான்கு பக்கம் டைப் செய்தாள்.