றலியா டீச்சர் வீட்டு ரோலர் கதவு

கண்டியைக் குளிர் ஊர் என்று சொல்கிறவர்கள் மார்ச் மாதத்துப் பிற்பகல் இரண்டு மணிக்கு, மேற்குப் பார்த்த ஒரு ரோலர் கதவில் உள்ளங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். கையை எடுக்கும் வேகத்தில் அந்தப் பேச்சையும் விட்டுவிடுவார்கள். ராஜலிங்கத்துக்குச் சோறு போட்டது அந்தச் சூடுதான். அம்பிட்டியவில் குடியிருந்துகொண்டு, அக்குறணை வரைக்கும் மோட்டார் சைக்கிளில் போய் கராஜ் கதவுகளைப் பழுது பார்ப்பவர் அவர். கைவேலைக்காரர் என்பதால் ஊருக்கு அவர் 'பாஸ்'. வெயில் ஏறிவிட்டால் அவருடைய போன் ஓயாது.

போகிற வீட்டிலெல்லாம் ஒரே பாடத்தை ஒப்பிப்பார். கதவு ஏறி இறங்கும் பக்கச் சட்டத்தில் கிரீஸ் பூசாதீர்கள், தேங்காய் எண்ணெய் ஊற்றாதீர்கள், தூசி ஒட்டிச் சேறாகிவிடும். காய்ந்த துணியால் துடைத்து சிலிக்கன் ஸ்பிரே மட்டும் அடியுங்கள். வெயிலில் தகடு நீளும், ஆகவே இரண்டு பக்கமும் கொஞ்சம் இடம் விட்டுத்தான் சட்டத்தைப் பூட்ட வேண்டும். பதினாறு வருடமாகச் சொல்லிச் சொல்லி, அவருடைய மனைவி சுதர்சினிக்கே அது மனப்பாடம்.

அப்படிப்பட்டவர்தான் ஜனவரியில், அக்குறணையில் றலியா டீச்சர் வீட்டில் அந்தக் காரியத்தைச் செய்தார். டீச்சர் ஓய்வு பெற்றவர், தனியாக இருப்பவர். மாத்தளை ரோட்டில் லொறி போகும்போதெல்லாம் கதவு கடகடவென்று ஆடுகிறது, தூங்க முடியவில்லை என்று கூப்பிட்டிருந்தார். அன்று நல்ல குளிர். இரண்டு பக்கச் சட்டத்தையும் தகட்டோடு ஒட்டத் தள்ளி இறுக்கினார் ராஜலிங்கம். சத்தம் போன இடம் தெரியவில்லை.

"அல்ஹம்துலில்லாஹ்! பாஸுட கையில என்னமோ ஈக்கி" என்றார் டீச்சர்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவர் இடைவெளியை மறந்தார். மறந்தார் என்று சொல்வதுகூட அவருக்குச் சலுகைதான். வெயில் காலத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்து விட்டுவிட்டார்.

அன்று அந்த வீட்டில் சமையல் வேலை செய்யும் ராக்கம்மா பிளேன் டீ கொண்டு வந்தார். அறுபதை நெருங்குகிறவர். ராஜலிங்கம் பேசியதைக் கேட்டுவிட்டு முகம் மலர்ந்தார்.

"தம்பி எந்தத் தோட்டங்க? பேச்சு நம்ம ஆளுங்க பேச்சு மாதிரியே இருக்கே."

"நான் டவுன்தான்" என்றார் ராஜலிங்கம் வெடுக்கென்று. தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, லயத்திலிருந்தே பள்ளிக்கூடம் போனவர். டீச்சர் கேட்டுக்கொண்டிருந்தார் என்பதற்காக அப்படிச் சொன்னார். ராக்கம்மா டீயை வைத்துவிட்டு உள்ளே போனார்.

மார்ச் வந்தது, நோன்பும் வந்தது. பதினோராம் நோன்பன்று இரண்டு மணிக்கு டீச்சர் கண் கிளினிக்குக்குப் புறப்பட்டார். ராக்கம்மா ரிமோட்டை அமுக்கினார். கதவு முழங்கால் உயரம் ஏறி, நின்றுவிட்டது. மோட்டார் உறுமியதே தவிர, கதவு ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. கார் உள்ளே, டீச்சர் வெளியே. ஒரு மணித்தியாலம் போராடிவிட்டு அவர் திரீவீலரில் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் எழுந்து போயிருந்தார். அடுத்த தேதி நான்கு மாதத்துக்குப் பிறகு.

ராஜலிங்கம் ஐந்து மணிக்கு வந்தார். அதற்குள் எதிர் மலையின் நிழல் கதவில் விழுந்து தகடு ஆறியிருந்தது. பட்டனைத் தொட்டதும் கதவு சமர்த்தாக மேலே போனது. ஆனால் தகடுகளின் இரண்டு ஓரத்திலும் பெயின்ட் உரிந்து, இரும்பு புதிதாக மின்னியது. ஏன் என்று அவருக்கு ஒரு பார்வையில் புரிந்துவிட்டது.

"என்ன பாஸ் இது? நோன்போட ஒரு மணித்தியாலம் வெயில்ல நிண்டன். கிளினிக்கும் போச்சி. போன முறை நீங்க செஞ்சதில ஏதும் பிழையா?"

நேரான கேள்வி. ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். ராஜலிங்கத்தின் வாய் வேறு வழியில் போனது.

"ரிமோட்ட அமுக்கினது யாரு?"

"நான்தாங்க" என்றார் கதவடியில் நின்ற ராக்கம்மா.

"ஏறிக்கிட்டு இருக்கிறப்பவே திரும்ப அமுக்கியிருப்பாங்க, டீச்சர். மோட்டர் குழம்பிப் போச்சி. வெளங்காதவங்க கையில இதெல்லாம் குடுக்காதீங்க."

ராக்கம்மா தம்முடைய கையைப் பார்த்துக்கொண்டார். பழியை அவர் தலையில் போடுவது எவ்வளவு சுலபமாக இருந்தது என்பதுதான் வெட்கக்கேடு. சொந்த அம்மாவின் வயதும் பேச்சும் உள்ள ஒருவரை, ஒரு டீச்சர் முன்னால் தன் பெயர் கெடக் கூடாது என்று தள்ளிவிட்டார். பிறகு துடைக்கிற சாக்கில் திருகாணிகளைத் தளர்த்தி, சட்டங்களை நக அகலம் வெளியே நகர்த்தி, களவு செய்தவன் மாதிரி திரும்பிப் பார்த்துவிட்டு இறுக்கினார்.

ஒரு கிழமை கழித்து டீச்சரே போன் எடுத்தார்.

"பாஸ், கதவு இப்ப நல்லா வேலை செய்யுது. நீங்க சொன்னது சரிதான். ராக்கம்மாவ பெருநாளோட நிப்பாட்டப் போறன். வயசு போயிட்டுது, கை சரியில்ல. கலகெதரையில என்ட தங்கச்சி வீட்டுக் கதவையும் ஒருக்கா பாருங்களேன்."

ராஜலிங்கத்துக்குக் காது சுட்டது. சரி டீச்சர் என்று சொல்லி வைத்துவிட்டார். சுதர்சினி போட்டு வைத்த சோறு காய்ந்தது. "என்னாங்க, ஒடம்புக்கு முடியலையா?" என்று அவள் கேட்டாள். ஒரு வீட்டில் நிறுத்தினால் அறுபது வயதில் அந்த அம்மா எங்கே போய் நிற்பார் என்பது அவருக்குத் தெரியாதது அல்ல.

மறுநாள் போய்விட்டார். வேண்டுமென்றே உச்சி வெயிலில் போனார். டீச்சர் கதிரையைக் காட்டியும் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். ஜனவரியில் இறுக்கியதை, பங்குனி வெயிலில் தகடு நீண்டு சிக்கியதை, அன்றைக்கே தெரிந்தும் பொய் சொன்னதை, களவாகத் தளர்த்தியதை.

டீச்சர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிள்ளைகள் பொய் சொன்னபோதெல்லாம் இப்படித்தான் பார்த்திருப்பார் போலும்.

"பிழை எல்லாருக்கும் வரும் பாஸ். அண்டைக்கே சொல்லியிருந்தா நான் உங்கள ஏசியிருக்க மாட்டன். இப்ப நோன்போட நான் ஒரு மனுசிய அநியாயமா நெனச்சிட்டன். அவ வேலைய விட்டுப் போகத் தேவையில்ல. நான் சொல்றன். ஆனா உங்கட பங்க நீங்கதான் சொல்லோணும். குசினில ஈக்கிறா."

குசினியில் நோன்புக் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. மூச்சு முட்டும் புழுக்கம். ராக்கம்மாவின் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. ராஜலிங்கம் வாசலிலேயே நின்றார். திட்டுவார், திட்டட்டும் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டு வந்திருந்தார்.

"அக்கா, அன்னைக்கு கதவு நின்னது உங்களால இல்ல. நான் பூட்டினது பிழை. தெரிஞ்சே ஒங்க மேல போட்டேன்."

ராக்கம்மா அகப்பையை வைத்தார்.

"அப்ப நான் ஒடைக்கலையா?"

"இல்லக்கா."

"நெசமாவா தம்பி? நீங்க வேல தெரிஞ்சவரு, நீங்க சொன்னா சரியாத்தானே இருக்கும்னு நெனச்சேன். என் கைதான் ஆகாத கைன்னு அன்னையில இருந்து இந்த வீட்ல ஒரு சுவிச்சையும் தொடுறதில்லைங்க." அவர் சிரித்தார். கண் நிறைந்திருந்தது. "நல்லவேள வந்து சொன்னீங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். நன்றி சொன்னதைத்தான் ராஜலிங்கத்தால் தாங்க முடியவில்லை. பேச்சை மாற்ற, சுவரில் அசையாமல் நின்ற ஃபேனைக் காட்டி, "இந்த வெக்கையில அதையும் போடாமலா இருந்தீங்க?" என்று கேட்டார்.

ராக்கம்மா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு சுவிச்சண்டை போனார். விரலை நீட்டினார். நீட்டிய விரல் பாதியில் நின்றது.

"தம்பி, நீங்களே போட்டு விடுங்களேன்."