ஐந்தாவது சிலிண்டர்

எங்கள் லாரிக்குச் சக்கரம் ஆறு, சிலிண்டர் ஆறு, முகப்பு விளக்கு இரண்டு. விளக்குகளில் ஒன்று எப்போதும் எரியாது. எனக்கு அப்போது ஒன்பது வயது. இந்தக் கணக்குகளில் எனக்குச் சந்தேகமே இல்லை. மற்றதையெல்லாம் நினைவிலிருந்துதான் சொல்கிறேன். தவறு இருந்தால் திருத்துவதற்கு அன்று அங்கே இருந்தவர்களில் இப்போது ஒருவரும் இல்லை. அந்தக் கவலையும் எனக்கு உண்டு.

தியாகராய நகரில் அப்பாவுக்குப் பாத்திரக் கடை. கும்பகோணத்துப் பித்தளைக் குடங்களையும், வழியில் கிடைக்கிற மற்றவர் சரக்கையும் ஏற்றி வர அந்த லாரி. ஓட்டியவர் சித்தப்பா, அப்பாவின் ஒரே தம்பி. மாதத்தில் இருபது நாள் அவர் சாலையில்தான் இருப்பார். கல்யாணமாகி ஏழு மாதம் ஆகியிருந்தும் அந்த இருபது குறையவில்லை. லாரி என்றால் அவருக்கு உயிர் என்பது எங்கள் வீட்டில் அனைவரும் அறிந்த உண்மை. அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அப்பா சொல்வார், நாங்கள் நம்பினோம்.

அந்த ஆவணி மாதம் லாரிக்கு இழுவை போய்விட்டது. தாம்பரத்துக்கு அப்பால் இருந்த சின்ன மேட்டில்கூட முதல் கியருக்கு வந்து முனகியது. ஒரு மாட்டுவண்டி அதை முந்திப் போனதாகச் சித்தப்பா சிரித்துக்கொண்டே சொன்னார். அப்பா சிரிக்கவில்லை. கிண்டியிலிருந்து ஒரு மேஸ்திரியை அழைத்து வந்தார். நாற்பது வருடம் என்ஜின்களுக்குப் பக்கத்திலேயே நின்று காது மந்தமாகிப் போன மனிதர். என்ஜினை ஓடவிட்டு, எண்ணெய் ஊற்றும் துவாரத்தின் மூடியைக் கழற்றி, அதைத் தலைகீழாக அந்தத் துவாரத்தின் மேலேயே வைத்தார். மூடி தடதடவென்று ஆடி, எகிறிக் கீழே விழுந்தது. மூன்று முறை வைத்தார், மூன்று முறையும் விழுந்தது.

"பாத்தியா நைனா, பிஸ்டனைத் தள்ள வேண்டிய காத்து, ரிங்கைத் தாண்டி கீய எறங்கிக்கினு கீது. அப்பறம் வண்டி எப்டி இழுக்கும்?" என்றார் மேஸ்திரி.

"எத்தனை சிலிண்டர்ல போயிருக்கு?" என்று அப்பா கேட்டார்.

"இன்னாது?"

அப்பா கத்திக் கேட்டார்.

"ஒண்ணுன்னா ரிப்பேரு. ஆறும்னா மொத்தமா பிரிச்சுப் போட வேண்டியதுதான். நாயித்துக்கெழம வந்து கண்டுபிடிச்சுத் தரேன்."

அன்று இரவு சாப்பாட்டில் அப்பா தீர்ப்பைச் சொல்லிவிட்டார். ஆறும் போயிருந்தால் லாரியை விற்றுவிடுவது, தம்பி கடையில் உட்காருவது. "என்னடே சொல்லுத?" என்றார். "ஒங்க இஷ்டம்ணே" என்றார் சித்தப்பா. அவர் இலையில் சோறு அப்படியே இருந்ததைப் பார்த்தேன். பாவம், துக்கத்தில் இறங்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் சித்தி என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டாள்.

"ஏல, ஆறும் போயிருக்குமால?"

"ஒண்ணுதான் போயிருக்கும் சித்தி. நீங்க கவலப்படாதீங்க."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு முறுக்கு கொடுத்தாள். நான்கு.

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்குப் பக்கத்துக் காலிமனையில் லாரி நின்றது. மேஸ்திரியின் உதவியாள் அன்று வரவில்லை. ஆளில்லாமல் ஆகாது என்று அவர் கையைப் பிசைந்தபோது, அப்பா என்னைச் சுட்டிக்காட்டி, "இவன் எதையாவது எண்ணிக்கிட்டே இருப்பான், இவனை வச்சுக்கிடும்" என்றார். என் வாழ்நாளில் அப்பா என்னைப் பற்றிப் பெருமையாகச் சொன்னது மொத்தம் இரண்டு முறை. இது முதலாவது.

வேலை இதுதான். என்ஜினுக்குள் கசிந்து இறங்குகிற புகை வெளியேற, பக்கத்தில் ஒரு குழாய் வண்டிக்கு அடியில் நீண்டிருக்கும். அதன் வாயில் கடையில் குடங்களைச் சுற்றி வரும் பாலிதீன் பையைப் பிடிக்க வேண்டும். பை உப்பி முழுதாக நிறையும் வரை எண்ண வேண்டும். மேலே மேஸ்திரி ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசல் போகும் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துவார்; டீசல் போகாமல் அந்தச் சிலிண்டர் மட்டும் நின்றுவிடும். எது வேலை செய்யாதபோது பை மெதுவாக நிறைகிறதோ, அதுதான் திருடன்.

சக்கரங்களுக்குக் கல் வைத்திருந்தார்கள். நான் ஒருமுறைக்கு இருமுறை உதைத்துப் பார்த்துவிட்டுத்தான் சாக்கின் மேல் படுத்தேன். சித்தப்பா மேலே ஏறி என்ஜினை ஒரே சீராக ஓடவிட்டார். எந்த நட்டும் தளர்த்தாமல் பை ஒன்பது எண்ணுவதற்குள் நிறைந்தது. சூடான எண்ணெய் வாடை முகத்தில் அடித்தது.

"ஒண்ணு!" என்றார் மேஸ்திரி.

"ஒம்பது!" என்று கத்தினேன்.

"இன்னாது?"

"ஒம்பது!"

இரண்டாவதும் ஒன்பது. மூன்றாவது பத்து. அது என் கை நழுவியதால். அதை அப்போதே சொல்லிவிட்டேன். நான்காவது ஒன்பது. ஐந்தாவது நட்டைத் தளர்த்தியதும் பை சோம்பிப்போய்த் தொங்கியது. பதினைந்து தாண்டியது. பதினெட்டு. கத்தியே எண்ண ஆரம்பித்தேன். இருபத்திரண்டில்தான் பை நிறைந்தது. ஆறாவது மறுபடியும் ஒன்பது.

நான் எழுந்து ஓடி, "அஞ்சு! அஞ்சு மட்டுந்தான்!" என்று குதித்தேன். மேஸ்திரி என் தலையில் எண்ணெய்க் கையை வைத்து, "சரியான ஆளுடா நீ, எங்கூட கிண்டிக்கு வந்துடு" என்றார். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சிரித்தார். ஜன்னலில் நின்ற சித்தியைப் பார்த்துக் கையை ஆட்டினேன். அவள் ஏற்கெனவே உள்ளே திரும்பிவிட்டிருந்தாள்.

சித்தப்பா இறங்கி வந்து என் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"நெசமாவே இருவத்திரெண்டா?"

"ஆமா."

"அவசரத்துல எங்கயாவது விட்டுட்டியோ?"

"இல்ல சித்தப்பா."

"மத்ததும் அப்படித்தான் இருக்கும்ல. இன்னொரு தரம் எண்ணிப் பாரேன்."

மேஸ்திரி அலுத்துக்கொண்டே மறுபடியும் ஆறு நட்டுகளையும் ஒவ்வொன்றாகத் தளர்த்தி இறுக்கினார். நான் மறுபடியும் படுத்து எண்ணினேன். ஐந்தாவதுக்கு இந்த முறை இருபத்து மூன்று வந்தது. மற்றவை அசையவில்லை. சித்தப்பா பையை என் கையிலிருந்து வாங்கி, அதில் மிச்சமிருந்த புகையை மெதுவாக அமுக்கி வெளியேற்றினார். மடித்தார், இன்னும் சிறியதாக மடித்தார்.

"சரி. நீ எண்ணினா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

ஐந்தாவது பிஸ்டனை வெளியே எடுத்தபோது அதன் ரிங் மூன்று துண்டாக இருந்தது. நான்கே நாளில் லாரி தயார். கடையில் பெயர் வெட்டுகிறவரைக் கொண்டு என் பெயர் வெட்டிய எவர்சில்வர் டம்ளர் ஒன்றை அப்பா எனக்குக் கொடுத்தார். ஐந்தாம் நாள் விடியற்காலையில் சித்தப்பா கும்பகோணம் கிளம்பினார். அதன்பின் பதினொரு வருடம் அந்த லாரியை ஓட்டினார். அவருக்குப் பிள்ளைகள் மூன்று. மூவரில் ஒருவர் பிறந்தபோதும் அவர் ஊரில் இல்லை.

எனக்கு அன்று பட்டதெல்லாம் ஒன்றுதான். அவருடைய லாரியைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறேன், ஒரு நன்றிகூடச் சொல்லாமல் என் எண்ணிக்கையைப் போய்ச் சந்தேகப்படுகிறாரே என்று. கிளம்புகிற அன்று என்னை எழுப்பிச் சொல்லிக்கொள்ள வந்தார். நான் விழித்துக்கொண்டுதான் இருந்தேன். சுவர்ப்பக்கம் திரும்பி, தூங்குகிறவன் போலப் படுத்திருந்தேன்.