கை நனைத்தவன்

எங்கள் பக்கம் ஒரு விசேஷ வீட்டோடு உறவை முறிக்கச் சண்டை போட வேண்டியதில்லை. சாப்பிடாமல் கிளம்பினால் போதும். "கை நனைக்காம போயிட்டாக" என்று ஒருவர் சொல்லிவிட்டால் அப்புறம் யாரும் விளக்கம் கேட்கமாட்டார்கள். போன வைகாசியில் என் அக்கா மகளின் காதுகுத்தில் எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் அப்படித்தான் வேன் ஏறினார்கள். தாய்மாமனாகிய நான் மட்டும் உட்கார்ந்து சாப்பிட்டேன். அந்தச் சோறு இன்னும் செரிக்கவில்லை.

என் கோபத்தைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். எங்கள் ஊர் ஆண்டிபட்டிக்குத் தெற்கே, மழையை நம்பி விதைக்கிற காடு. எங்கள் வகையறாவில் கல்லூரி வரை போனவன் நான் ஒருத்தன்தான். படித்தவன் என்றால் எங்கள் தெருவில் அதற்கு ஒரே அர்த்தம், ஊருக்காகச் சத்தம் போடுகிறவன். ஒருமுறை ரேஷன் கடையில் அம்மாவைப் பருப்பு இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். நான் நேரே போய் நாலு வார்த்தை இங்கிலீஷில் கத்தினேன். பருப்பு கிடைக்கவில்லை, அன்றைக்கு நிஜமாகவே இருப்பு இல்லை. ஆனால் திரும்பி வரும்போது தெருவே வாசலில் நின்றது. "வெளுத்து வாங்கிட்டானாம்ல" என்றார்கள். அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. நான் பட்டம் வாங்கிய அன்றுகூட அதைப் பார்க்கவில்லை.

அந்த ருசி பிடித்துவிட்டது. பழனிசெட்டிபட்டியில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். பெற்றோர் கூட்டத்தில் தாளாளர் எல்லாருக்கும் முன்னால் என்னைக் கடிந்து பேசினார். கையிலிருந்த சாக்பீஸை மேஜையில் வைத்துவிட்டு அப்படியே வெளியே வந்துவிட்டேன். செய்தி எனக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்திருந்தது. சித்தப்பா, அப்பாவின் தம்பி, என் முதுகில் தட்டினார்.

"நம்ம ரத்தம்ல. ஒரு சொல்லு பொறுக்காது."

அதற்கப்புறம் மாதக்கணக்கில் வீட்டில் கிடந்தேன். ரத்தத்தைப் பாராட்டிய அதே சித்தப்பா ஒருநாள் டீக்கடையில் நாலு பேர் கேட்கச் சொன்னார், "என்னலே, இன்னும் வீட்டுல சும்மாதான் படுத்திருக்கியா? ஆடு மேச்சாலும் அது ஒரு வேலைதான்லே." டீக்கடையே சிரித்தது. என் சொரணையைக் கொண்டாடிய வாய்கள்தான் எல்லாமே.

வேலை தேடி அலைந்த நாட்களில் ஒரு விஷயம் பிடிபட்டது. தேனி பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் ஒருவர், "யோவ், படியில நிக்காத, உள்ள போய்த் தொலை" என்றார். நான் பேசாமல் உள்ளே போய்விட்டேன். அடுத்த வாரம் இன்னொரு கண்டக்டர் ஏறக்குறைய அதையேதான் சொன்னார். அன்றைக்கு என் சித்தப்பா மகன் கூட இருந்தான். நான் சட்டையைப் பிடிக்கப் போய்விட்டேன். சொல் ஒன்றுதான். பக்கத்தில் ஆள் இருந்தான், அவ்வளவுதான் வித்தியாசம். என் கோபம் என்னுடையதே இல்லை, வேடிக்கை பார்க்கிறவர்களுக்காக நான் போடுகிற கூத்து என்று புரிந்தது. அப்புறம் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். காது சூடேறினால் எதிரே நிற்பவனைப் பார்ப்பதற்கு முன்னால், யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பார்ப்பேன். பார்த்ததும் பாதி அடங்கிவிடும். இன்னொரு பள்ளியில், அதைவிடச் சின்னதில், சேர்ந்தேன். யாரோடும் சண்டையில்லாமல் ஓடியது. ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன்.

காதுகுத்து, அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊரில். குச்சனூருக்குப் பக்கம். வாய்க்கால் நிறையத் தண்ணீர், வரப்பெல்லாம் தென்னை, இரண்டு போகம். பெண் கொடுத்த நாளிலிருந்தே அவர்களுக்கு நாங்கள் காட்டாட்கள்தான். மச்சான் நல்ல மனுஷன். ஆனால் அந்த வீட்டில் அவருடைய அண்ணன் வைத்ததுதான் சட்டம்.

சீர்த்தட்டுகளோடு, முன்னால் மேளம் போக, கோயில் பந்தல் வாசலில் போய் நின்றோம். தாய்மாமன் சீர் வந்தால் வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்து சந்தனம் கொடுத்து அழைத்துப் போகவேண்டும். அதுதான் முறை. யாரும் வரவில்லை. அதே நேரத்தில் ஒரு கட்சிக்காரரின் கார் வந்திருந்தது. அவருக்குத் துண்டு போடுவதும் போட்டோ எடுப்பதுமாக மொத்தக் குடும்பமும் அந்தப் பக்கம் நின்றது. வெயில் மண்டையைப் பிளந்தது. மேளக்காரர் அடித்ததையே திரும்பத் திரும்ப அடித்துவிட்டு, கடைசியில் என் காதருகே வந்து, "நிப்பாட்டவா தம்பி, இல்ல இன்னும் ஆகுமா?" என்று கேட்டார்.

சித்தப்பா தட்டை இறக்கினார். "இங்கனயே வச்சுட்டுத் திரும்புங்கடா. மாமன் மடியில்லாம எப்படிக் காது குத்துறாகன்னு பாத்துருவோம்."

எல்லாக் கண்ணும் என்மேல். அப்பா மட்டும் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பந்தலுக்குள்ளே அக்கா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பொறுத்துக்கோ என்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். நின்றேன். கொஞ்ச நேரத்தில் மச்சான் ஓடிவந்து, "உள்ள வாங்க மாப்ள, தப்பா எடுத்துக்கிறாதீக" என்று கையைப் பிடித்தார். போனோம்.

பிள்ளைக்கு மொட்டை போட்டுச் சந்தனம் பூசி என் மடியில் உட்காரவைத்தார்கள். காது குத்துகிற ஆசாரி ஊசியை எடுத்தார். ஒரு காது முடிந்தது. பிள்ளை வீறிட்டு அழுதது. அப்போதுதான் மச்சானின் அண்ணன் மைக்கை வாங்கினார்.

"தாய்மாமன் சீர் வந்துருச்சுப்பா, எல்லாரும் பாத்துக்கங்க. வாத்தியார் மாமன். ஆண்டிபட்டிப் பக்கம் தண்ணி இல்லாட்டி என்ன, படிப்பு இருக்குல்ல. சீரு கொறஞ்சாலும் புள்ளைக்கு ஏபிசிடி சொல்லிக்குடுத்துக் கழிச்சிருவாரு."

பந்தல் சிரித்தது. கட்சிக்காரரும் சிரித்தார்.

"என்ன மாப்ள, சத்தத்தையே காணோம்? பேப்பர் திருத்துறீகளா?"

எனக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. "அசையாதீக தம்பி," என்றார் ஆசாரி மெதுவாக. "ஊசி எடம் மாறிரும்."

பின்வரிசையிலிருந்து சித்தப்பாவின் குரல் வந்தது. "எந்திரிலே. புள்ளைய எறக்கிவிட்டுட்டு எந்திரி."

வழக்கப்படி நான் யார் பார்க்கிறார்கள் என்று பார்த்தேன். எல்லாரும்தான் பார்த்தார்கள். எழுந்தால் என்ன ஆகும் என்று துல்லியமாகத் தெரிந்தது. நாற்காலிகள் சரியும், மைக் கீழே விழும், எங்கள் ஊர் டீக்கடையில் பல வருஷத்துக்கு அந்தக் கதை ஓடும். அந்தக் கதையில் நான் எப்படி இருப்பேன் என்பதுகூடத் தெரிந்தது. ஆனால் ஒரு காது மட்டும் குத்தின பிள்ளை என் சட்டையை இறுக்கிப் பிடித்திருந்தது. அதன் தலையை என் நெஞ்சோடு சேர்த்து அழுத்திக்கொண்டேன். இரண்டாவது காதும் முடிந்தது.

சித்தப்பா என்னிடம் வந்து கத்தக்கூட இல்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். "நாங்க பன்னெண்டாவது வரைக்கும்கூடப் போகல. எங்களுக்குச் சொரணை மிச்சமிருக்கு. நீ அதைப் பள்ளிக்கொடத்துலயே விட்டுட்டு வந்துட்ட." பிறகு எங்கள் ஆட்களைப் பார்த்து, "யாரும் கை நனைக்கக்கூடாது. ஏறுங்க வண்டியில."

அம்மா என் பக்கத்தில் வந்தாள். "வாப்பா. அப்பாவும் போறாருல்ல."

"நீங்க போங்கம்மா. எல்லாரும் போயிட்டா அக்கா ஒத்தையில நிப்பா. நம்ம பக்கம் ஒரு ஆளாவது உக்காந்து சாப்பிட வேணாமா?"

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போனாள். அப்பா என்னைத் திரும்பிப் பார்க்கவேயில்லை. வேன் கிளம்புகிற சத்தம் பந்தல்வரை கேட்டது.

பந்தியில் என் இரண்டு பக்கமும் முகம் தெரியாதவர்கள். கிடாக்கறியும் சோறும். மச்சானின் அண்ணனே வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "மாமனுக்கு நல்ல கறியாப் பாத்துப் போடுங்கப்பா. கோவமே வராத தங்கமான மாமன்." எதிர்வரிசையில் யாரோ புரையேறச் சிரித்தார்கள். நான் ஒரு பருக்கை விடாமல் தின்றேன். உறவு வேண்டும் என்பவன் மடிப்பதைப் போல இலையை என் பக்கமாக மடித்தேன். அக்கா பார்த்திருப்பாள் என்று நினைத்தேன். அவளுக்காவது தெரியும் என்று நினைத்தேன்.

பார்த்துத்தான் இருந்தாள். நான் கை கழுவப் போனபோது சமையல் கொட்டகைக்குப் பின்னால், தண்ணீர் டிரம் பக்கத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தாள்.

"சாப்பிட்டியாக்கும்" என்றாள்.

"சாப்பிட்டேன்க்கா."

"எப்படிடா எறங்குச்சு?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நீ ஒத்தையில நிப்பியேன்னுதான்..."

"நான் இந்த வீட்ல என்னைக்குடா ஒத்தையில நிக்காம இருந்தேன்? நம்ம ஆளுக கோவக்காரங்கன்னு ஒரு பயம் இருந்துச்சு இவுகளுக்கு. ஒரு வார்த்தை சொல்றதுக்கு முன்னாடி யோசிப்பாக. வாசல்லயே திரும்பிப் போயிருந்தீகன்னா இவுக அண்ணனே நாளைக்கு நம்ம வீட்டு வாசலுக்கு வந்து நின்னுருப்பாரு. இப்பப் பாரு. கேக்க ஆளில்லன்னு மைக்குலயே தெரிஞ்சுபோச்சு." குரலை இன்னும் தாழ்த்தினாள். "ரேஷன் கடையில அம்மாவுக்காகக் கத்துன. எனக்குன்னு வரும்போதுதான் உனக்குப் பக்குவம் வந்துச்சாடா?"

கொட்டகைக்குப் பின்னால் வேறு யாரும் இல்லை. பார்க்க ஒரு கண் கிடையாது. ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது. அதுவரை வந்த எதையும்விடப் பெரிதாக வந்தது. உனக்காகத்தானே, உனக்காகத்தானே அந்த இலையில் உட்கார்ந்தேன் என்று கத்தவேண்டும் போலிருந்தது. டிரம்மை எட்டி உதைக்கவேண்டும் போலிருந்தது. ஆள் இல்லாவிட்டால் எனக்குக் கோபம் வராது என்று நான் கண்டுபிடித்து வைத்திருந்தது பொய். ஊர் மெச்சவேண்டும் என்பதை விட்டுவிட்டேன், நிஜம்தான். விட்டதையெல்லாம் சேர்த்து இவள் ஒருத்தி மெச்சவேண்டும் என்று வைத்திருந்திருக்கிறேன். பந்தியில் விழுங்கிய ஒவ்வொரு கவளமும் அதற்காகத்தான்.

கத்தவில்லை. அதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று இருந்தது. "வர்றேன்க்கா" என்றேன். அவள் சரி என்றாள். பிள்ளை உள்ளே தூங்கிப்போயிருந்தது. பார்க்காமலே சின்னமனூர் போகிற மினிபஸ்ஸில் ஏறினேன்.

இப்போது அப்பா என்னோடு தேவைக்குத்தான் பேசுகிறார். சித்தப்பா வீட்டு விசேஷத்துக்கு எங்கள் வீட்டில் என்னைத் தவிர எல்லாருக்கும் அழைப்பு வந்தது. மச்சானின் அண்ணன் மட்டும் என்னை எங்கே பார்த்தாலும் பிரியமாக விசாரிக்கிறார். அதுதான் எல்லாவற்றையும்விடக் கசக்கிறது.

அன்றைக்கு எழுந்திருந்திருக்க வேண்டுமா என்று இன்னும் என்னையே கேட்கிறேன். மடியில் பிள்ளை இருந்ததால் எழுந்திருக்கக்கூடாது என்றுதான் பதில் வருகிறது. ஆனால் வாசலில் நின்றபோது மடியில் பிள்ளை இல்லை. அங்கே திரும்பியிருக்கலாமோ என்னவோ. அக்கா குனிந்ததை நானாக ஒரு அர்த்தம் பண்ணிக்கொண்டேன். ஓடிப்போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. இதையெல்லாம் யாரிடமாவது சொல்லி, நீ செஞ்சது சரிதான்ப்பா என்று வாங்கிக்கொள்ள ஆசையாகத்தான் இருக்கிறது. யாரிடமும் சொல்வதில்லை. பக்குவம் வந்து அல்ல, ஆள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அக்காவுக்கு போன் போடுகிறேன். எடுக்கிறாள். பிள்ளையின் காது ஆறிவிட்டது, கம்மல் மாற்றியாயிற்று, பேச ஆரம்பித்துவிட்டது என்று ஒவ்வொரு வாரமும் ஏதாவது சொல்கிறாள். முன்பெல்லாம் எடுத்ததும், "சாப்பிட்டியாடா?" என்றுதான் ஆரம்பிப்பாள். இப்போது அதை மட்டும் கேட்பதில்லை. நான் அடுத்த ஞாயிறும் போடுகிறேன்.