கைபடாமல் வந்த சட்டி

போன வாரம் எதிர்வீட்டில் மாடிக்குத் தளம் போட்டார்கள். கலவை மிஷின் உறுமியதும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வாசலிலேயே குந்திவிட்டேன்.

"இன்னாம்மா, வயசாயிடுச்சா?" என்று சிரித்தாள் பக்கத்து வீட்டு தேவி.

வயதா? இருபதிலும் எனக்கு இப்படித்தான்! இதற்கு ஆட்டிசம் என்று பெயர் இருப்பதே இந்த வயதில்தான் தெரிந்தது. அப்போது எனக்கு ஊர் வைத்த பெயர் — கிறுக்கி.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகள். கும்மிடிப்பூண்டி பக்கம் வயல்களுக்கு நடுவே கம்பெனிக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. ஐந்தாவதோடு படிப்பை விட்டு, ஊர் ஊராகச் சுற்றி, கவரைப்பேட்டையில் சித்தாளாகச் சேர்ந்திருந்தேன். வேலை இருந்தால் கொட்டகையில் படுக்கை. போனால் ரயில்வே பிளாட்பாரம்.

தளம் போடும் நாள். மிஷின் கிளம்பியதும் சட்டியைப் போட்டுவிட்டுக் காதைப் பொத்தினேன்.

"மூஞ்சியப் பாத்துப் பேச மாட்டா, இப்போ இது வேறயா? கெளம்பு நீ!" என்றார் மேஸ்திரி.

"ஆளு கொறஞ்சா தளம் பாதியில நின்னுடும் மேஸ்திரி," என்றாள் ரத்தினம்மா. ஆரம்பாக்கத்திலிருந்து வரும் சித்தாள். "இவ சாரத்து உச்சில நிக்கட்டும். சத்தம் அங்க கம்மி."

தளத்தைப் பாதியில் நிறுத்த முடியுமா? மேஸ்திரி முறைத்துவிட்டுப் போனார்.

ஏறினேன். எனக்குக் கீழ்த்தட்டில் அவள். கலவைச் சட்டி கைமாறிக் கைமாறி மேலே வரும். அப்போது விரல்கள் உரசும் — எனக்கு அது சூடு வைத்த மாதிரி. ஆனால் அவள் தந்த சட்டிகளில்... ஒருமுறைகூட விரல் படவில்லை! அடியில் தாங்கிப் பிடித்து, விளிம்பு முழுவதையும் எனக்கு விட்டுத் தந்தாள். நாள் முழுக்க. அத்தனை கனத்தோடு. காலையில் டீ கிளாஸ் வாங்கும்போது நான் விரலை இழுத்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறாள்.

கைபடாமல் கொடுத்தால் நம் பக்கம் என்ன அர்த்தம், உங்களுக்குத் தெரியாதா? அவளுக்குக் கீழே நின்றவள் கேட்டேவிட்டாள்: "இன்னாக்கா, அவ கை பட்டா தீட்டா?"

"எங்கூட்டு எருமைக்கும் முதுவுல கை வெச்சா ஆவாது. அதுக்கோசரம் கறக்காம வுட்டுட்டமா? சட்டிய ஏத்துடி!"

சாரத்தில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும்தான்.

மாலையில் மேஸ்திரி எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்: "நாளைக்கும் மேலயே நில்லு."

எத்தனையோ ஊர் சுற்றிவிட்டேன்... அப்படி ஒரு மரியாதை எங்கேயும் கிடைத்ததில்லை. நினைத்தால் இன்றும் மலைப்பு.

இதைத் தேவியிடம் சொன்னேன். நேற்று காபி கொண்டுவந்தாள். தம்ளரை மதில்மேல் வைத்துவிட்டு, சிரித்தபடி தள்ளி நின்றாள்.

இந்த எருமைக்கு வேறென்ன வேண்டும்?